தின்றதும் குடித்ததும்

நாற்பத்தேழு வெள்ளி அறுபது காசு. சுல்தான் பாய் கடைக்குத் தான் கொடுக்க வேண்டிய பாக்கி இவ்வளவு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஒரு காசும் இல்லை என்று சுல்தான் பாய் சொன்னார். கடன் வாங்கியவன் ஒளிவான், கொடுத்தவன் தேடுவான், அதுதான் நான் பார்த்த உலகம். இங்கே வாங்கியவர் காலையில் முதல் ஆளாகப் போய்க் கல்லா முன்னால் நின்றார். அவர் சாலையைத் தாண்டி வருவது தெரிந்ததுமே கொடுத்தவர் கோழி கழுவும் பின்கட்டுக்குள் போய்விட்டார்.

கடை பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில், எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே இருக்கிறது. அங்கே பில் எழுதும் பழக்கம் கிடையாது. சாப்பிட்டு முடித்தவர் கையைத் தூக்கி “கிரா” என்றால் போதும். கணக்குப் பார் என்பதற்கு மலாய்ச் சொல். தே தாரேக் டீ ஆற்றும் ஹக்கீம் வந்து, தட்டில் கிடக்கும் எலும்பையும் ஒட்டியிருக்கும் குழம்பின் நிறத்தையும் பார்த்து ஒரு தொகையைச் சொல்வான். கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். என் வீட்டுக்காரர் புவனேஸ்வரன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் பசியாறினார்.

அவர் வேன் ஓட்டினார். பாயான் பாருவில் இருக்கும் எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், வேலை முடிந்தவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது. பாதிப்பேர் கெடாவிலிருந்தும் பெர்லிசிலிருந்தும் வந்து விடுதியில் தங்கிய மலாய்ப் பெண்கள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும் நாளில் வேனை விட்டு இறங்கும்போது “அபாங், ஹலால்கன் மாக்கான் மினும்” என்பார்கள். அண்ணா, உங்களிடம் தின்றதிலும் குடித்ததிலும் என் பாக்கி ஏதாவது இருந்தால் அதை ஹலாலாக்கி, மன்னித்து என்னை விட்டுவிடுங்கள் என்று பொருள். இவர் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது எப்போதோ ஒரு பாக்கெட் ஐஸ் மைலோவாக இருக்கும். “ஹலால், ஹலால்” என்று சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவார். நான் கூட்டித் துடைக்கும் தொழிற்சாலையிலும் அந்தப் பேச்சு உண்டு. என்னோடு வேலை செய்த ஷஹீரா வேலையை விட்டுப் போன அன்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னாள். பிரிந்து போகிறவர்கள் சொல்லும் சொல் அது. சாயந்தரம் திரும்பி வருகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

கடன் என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. நோய் பரவி ஊரை மூடிய வருஷத்தில் வேன் ஓடவில்லை. சுல்தான் பாய் எங்கள் மாடிக்குச் சோற்றுப் பொட்டலம் அனுப்பினார். சும்மா வாங்கமாட்டோம் என்று முறுக்கிக்கொண்ட இவரைப் போன்றவர்களுக்காக ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதியும் வைத்தார். ஊர் திறந்ததும், கடையில் இருந்தவர்கள் முன்னால் அதை எடுத்து அடுப்பில் போட்டார். “இத வச்சு நா என்ன மாளிகையா கட்டப்போறேன்” என்றாராம். என் வீட்டுக்காரர் அன்று வேன் ஓட்டப் போயிருந்தார். கேள்விப்பட்டு, “பாய்க்குக் கொழுப்புலா” என்று சிரித்ததோடு சரி. அதன்பிறகு எத்தனையோ காலை அங்கே பசியாறினார், கிரா என்றார், கொடுத்தார். பழைய பாக்கி அவர் வாயில் வந்ததே இல்லை. போன தீபாவளி கழிந்த பிறகுதான் வந்தது.

எப்போது தொடங்கியது என்று பின்னால் டாக்டர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் வேனில் பாட்டுப் போடுவதை நிறுத்தினார். தூக்கம் போனது. ஜெலுத்தோங் சந்திப்பில் ஒரு நாள் பச்சை விளக்கு விழுந்தும் வேனை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஹார்ன், உள்ளே பெண்கள் கத்தல். மறுபடி சிவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழுந்தபோதும் எடுக்கவில்லை. அன்றைக்கே சாவியை வேன் முதலாளி தவுக்கேயிடம் கொடுத்துவிட்டு வந்தார். “எந்தப் பக்கம் திருப்பணும்னு தெரியல ரமணி” என்றார். நான் வேலை முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும்போது, காலையில் விட்ட இடத்திலேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், ஒரு காலில் மட்டும் காலுறையோடு. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. “நானுந்தான் அலுத்துப் போயிருக்கேன். நா என்ன கட்டில்லயா ஒக்காந்திருக்கேன்” என்று கேட்டேன். திருப்பி ஒரு வார்த்தை பேசினால் சண்டையாவது போட்டிருப்பேன். “நீ சொல்றது சரிதான்” என்றார். அப்புறம் எதைச் சொன்னாலும் அதே பதில். சோம்பேறி என்றாலும் சரிதான். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

கடன் எங்கிருந்து முளைத்தது என்று தெரியாது. ஒரு நாள் சோற்றைத் தட்டில் போட்டதும், “இது யார் காசு?” என்று கேட்டார். என் சம்பளம்தான் என்றேன். “அப்ப உனக்கும் கடன்” என்று தட்டை என் பக்கம் தள்ளினார். அன்றுதான் நாற்பத்தேழு அறுபதைச் சொன்னார். அது அடைபடாமல் தான் தின்னும் ஒவ்வொரு வாயும் அதன்மேல் ஏறுவதாக அவர் நம்பினார். இல்லைங்க, பாய் அதை எரிச்சிட்டாருங்க என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். “எரிச்சாரு. எங்கிட்ட சொன்னாரா?” என்றார். காலையில் ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்பார். சாயந்தரம் பாதி. சட்டைக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே வந்தார்.

நானே போய் சுல்தான் பாயிடம் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “அண்ணனுக்கு என்னாச்சு தங்கச்சி? நேத்து வந்து என் சட்டையப் பிடிச்சுக்கிட்டாரு. நா இல்லங்கறேன், அவரு அழறாரு. கஸ்டமர்லாம் நா அவர மெரட்டுறதா நெனைக்கிறான்.” பிறகு கொஞ்ச நேரம் தோளில் கிடந்த துண்டை இழுத்து இழுத்து மடித்தார். “ஒண்ணு பண்ணுவோம். கொடுத்தா வாங்கிக்கிறேன். மனசு ஆறட்டும். நீங்க சாயந்தரம் வந்து வாங்கிட்டுப் போயிடுங்க. அந்தக் காசு எனக்கு வேணாம்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீட்டில் மைலோ டின் ஒன்றில் செலவுக்காசு போட்டு வைப்பது வழக்கம். அதிலிருந்து நாலு பத்து, ஒரு அஞ்சு, ரெண்டு ஒரு வெள்ளி, சில்லறை எல்லாம் எடுத்து, நோட்டுகளைத் தொடையில் வைத்துத் தடவி நேராக்கி ரொட்டி பாக்கெட் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு போனார். பாய் எண்ணி வாங்கிக்கொண்டார். அன்று இவர் கொஞ்சம் ரசம் சோறு சாப்பிட்டார். நான் வேலையிலிருந்து வரும்போது பாய் அதே பிளாஸ்டிக்கை என் கையில் வைத்தார், நான் அதைக் கொண்டுபோய் அதே டின்னில் போட்டேன். இரண்டு மூன்று நாள் கழிந்து மறுபடி, “பாக்கி அப்படியேதான் இருக்கு” என்றார். மறுபடி எடுத்துப் போனார். மறுபடி பாய் வாங்கினார், மறுபடி நான் கொண்டுவந்து வைத்தேன். அந்தக் காசு சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடந்துகொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

மகள் பிரியந்தி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு வயிற்றில் கோளாறு என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். உள்ளூரில் தெரிந்தது இவருடைய அக்கா புஷ்பராணிக்கு மட்டும்தான். ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறி வருவார். வந்தால் தம்பிக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இருக்கும், என் காதுக்கு நாலு பேச்சு இருக்கும்.

“இந்தக் கட்டடத்துல கடன் இல்லாத வீடு எது சொல்லு. வட்டிக்கார ஆலோங் வந்து கதவுல செவப்பு பெயின்ட் ஊத்திட்டுப் போன வீட்டுக்காரனே கொறட்ட விட்டுத் தூங்குறான். எந் தம்பி நாப்பத்தேழு வெள்ளிக்கு எலும்பாயிட்டான்.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போலாம்னு பார்க்குறேன் அண்ணி.”

“போ. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி கேஸுன்னு எழுதிக் குடுப்பான். அப்புறம் பிரியந்திக்கு யார் வீட்டுல பொண்ணு கேட்டு வருவாங்க? எங்க பக்கத்துல சாமி பார்க்குறவரு ஒருத்தர் இருக்காரு. ஒரே எலுமிச்சம்பழம். வெட்டுனா போயிடும்.”

“எது போயிடும்?”

“அது எனக்கென்ன தெரியும், வெட்டுனாத்தான் தெரியும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. உள்ளே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ வாயசைப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. புஷ்பராணி அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால்தான் அழுகை இருந்திருக்கிறது. எலுமிச்சம்பழமும் வெட்டினோம்.

அந்த வாரத்தில் ஒரு பகல், விடுமுறை நாள், டின்னிலிருந்து நோட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். “இங்க வா” என்றார். ஒரு பத்து வெள்ளி நோட்டின் ஓரத்தில் யாரோ நீல மையில் டெலிபோன் நம்பர் எழுதியிருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்தார். “இது நா பாய்கிட்ட குடுத்தது. திரும்பி வந்திருக்கு.” நான்தான் கொண்டுவந்து வைத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. “எங் காசு செல்லாது ரமணி. யார் கைக்குப் போனாலும் நிக்காது” என்றார். விளங்காத ஒன்று விளங்கிவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு கடைக்குப் போவதை நிறுத்தினார். கிராக்கரும் நின்றது.

அடுத்த திங்கட்கிழமை காலை அவராகவே குளித்தார். முகம் மழித்து, வேன் ஓட்டப் போகும்போது போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். முதல் நாள் வந்து தங்கியிருந்த புஷ்பராணி அண்ணிக்கு வாயெல்லாம் பல். “பார்த்தியா? எலுமிச்சம்பழத்தச் சும்மா நெனச்ச” என்றார். எனக்கும் நெஞ்சில் ஏதோ இளகியது. வேலைக்குப் புறப்பட்டு, வாசலில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய கால் விரல்கள்தான் எனக்குத் தெரிந்தன.

“ரமணி. இத்தன வருஷம் ஒங் கையால தின்னது குடிச்சது எல்லாம் ஹலாலாக்கிடு.”

“ஏன்டா, துலுக்கன் பேச்சுப் பேசற” என்று அண்ணி உள்ளேயிருந்து சிரித்தார். “நல்ல பேச்சுதான் இருந்தாலும்.”

கயிறு பாதியில் நின்றது. ஷஹீராவின் இரண்டு கைகளும், வேன் படியில் இறங்கும் பெண்களும், அவர்கள் ஒருவர்கூடத் திரும்பி வராததும் ஒன்றாக என் கண் முன்னால் வந்தன. நிமிர்ந்து பார்த்தேன். சீவிய தலையோடு, யாருக்கோ வழிவிட்டு நிற்பதுபோல நின்றார். ஹலால் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் விடை கொடுத்ததாகிவிடும். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். “சொல்லமாட்டேன். வாங்க போலாம்” என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அண்ணிதான் கேட்டார். கிராப் டாக்சி வரும்வரை அந்த மணிக்கட்டை நான் விடவில்லை, கம்பெனிக்குப் போன் பண்ணவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான நடையின் கடைசியில் மனநோய்ப் பிரிவின் பெயர்ப் பலகை இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவள் நான். முதல் இரண்டு எழுத்தைக் கூட்டுவதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முழுதும் வாசித்திருந்தால் ஒருவேளை கால் தயங்கியிருக்கும்.

டாக்டர் ஹனா சின்னப் பெண், பிரியந்தி வயதுதான் இருக்கும். தமிழில் பேசினார். இவரிடம் நேராகவே கேட்டார். “ஐயா, செத்துப் போயிடணும்னு தோணுதா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிக் கேட்டால் இல்லாததும் வந்துவிடாதா என்று நினைத்தேன். “தோணுது” என்றார் அவர். தே குடிக்கிறீங்களா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல. எத்தனை நாளாக இந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாரோ. சொன்ன பிறகு தோள் இரண்டும் கீழே இறங்கின.

அவரைப் படுக்கையில் சேர்த்த பிறகு டாக்டர் என்னை வெளியே உட்கார வைத்துப் பேசினார். “இது நோய்ம்மா. கடன் இல்லன்னு நீங்க வாதாடி ஜெயிக்க முடியாது. மருந்து பிடிக்கிறதுக்கு வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இல்லன்னு சண்ட போடாதீங்க. ஆமான்னு அவரோட சேர்ந்தும் ஆடாதீங்க.”

“ரெண்டும் வேணாம்னா என்னதாம்மா சொல்றது?”

“பயமா இருக்கான்னு கேளுங்க.”

என் தொழிலில் எனக்கு எல்லாக் கறைக்கும் ஒரு மருந்து தெரியும். இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று தெரியாது. அன்று சாயந்தரம் கேட்டேன். “ரொம்ப” என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிட்ட தட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு வண்டி போனது. சத்தம் அடங்கியதும், நான் காசு விஷயத்தைச் சொன்னேன். பாய் ஒவ்வொரு தடவையும் வாங்கினார், நான்தான் திரும்ப வாங்கி வந்து டின்னில் வைத்தேன், அந்த நம்பர் எழுதின நோட்டையும் நான்தான் வைத்தேன் என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப பாய் வாங்கிக்கிட்டாரு.”

“வாங்கிக்கிட்டாருங்க.”

“அப்ப பாயோட காசு இப்ப நம்ம வீட்டுல இருக்கு” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இல்லாத கடனை நாங்கள் இருவரும் சேர்ந்து உண்மையான கடனாக்கி வைத்திருந்தோம். இந்த முறை கணக்கு சரியாக இருந்தது.

மறுநாள் அந்தப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சுல்தான் பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அட விடுங்க தங்கச்சி.” “விடக்கூடாது பாய். வாங்கி உள்ள போடுங்க. நா பார்க்கணும்” என்றேன். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, இரண்டு கையாலும் வாங்கினார். எண்ணினார். கல்லாவைத் திறந்து பத்தைப் பத்தோடும் ஒன்றை ஒன்றோடும் போட்டார். சில்லறை அதனதன் குழியில் விழுந்தது. நான் போகவில்லை. ஒரு சீனப் பெரியவர் மீன்தலைக் கறி பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு ஐம்பது வெள்ளியை நீட்டினார். பாய் எடுத்துக் கொடுத்த மீதியில் மேலாக அந்த நீல மை நம்பர் தெரிந்தது. பெரியவர் பார்க்காமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஜெலுத்தோங் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அது கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்தேன்.

மருந்து மெதுவாகத்தான் பிடித்தது. வீட்டுக்கு வந்த பிறகும் வாய் உலர்ந்து, கை நடுங்கி, முகம் உப்பி, அவரைப்போல இன்னொருவர் வந்து கட்டிலில் உட்கார்ந்திருப்பதாகவே இருந்தது. நாற்பத்தேழு அறுபது சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வரும்போது நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பயமா இருக்கா என்று கேட்டேன். சில நாள் தலையசைத்தார். பிரியந்தியிடம் உண்மையைச் சொன்னேன். வயிறு இல்லையா அம்மா என்று கேட்டுவிட்டு, போனில் வெகுநேரம் அழுதாள். தவுக்கே வேனுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். நான் ஓவர்டைம் எடுத்துக்கொண்டேன். புஷ்பராணி அண்ணி மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப்போடக் கற்றுக்கொண்டார், எலுமிச்சம்பழத்தையும் முழுதாக விடவில்லை, சாமி படத்துக்கு முன்னால் ஒன்று எப்போதும் இருக்கும்.

இன்று எனக்கு ஓய்வு நாள். கீழே போய்ப் பசியாறலாமா என்று கேட்டேன். செருப்பைத் தேடினார். சாலையைத் தாண்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். பழைய மேசைதான். ஹக்கீம் எதுவும் கேட்காமல் ஒரு ரொட்டியும் ஒரு தேயும் கொண்டுவந்து வைத்தான். அவர் ரொட்டியைப் பிய்த்தார், பருப்பில் தொட்டார், வாயில் வைத்து வெகுநேரம் மென்றார். நான் வேறு பக்கம் பார்ப்பதுபோல் இருந்தேன். பாதி ரொட்டியில் கை நின்றது.

சுல்தான் பாய் இன்று பின்கட்டுக்குப் போகவில்லை. மேசைப் பக்கம் வந்து நின்றார். “அண்ணே, எங் கடையில நீங்க இத்தன வருஷம் தின்னது குடிச்சது எல்லாமே ஹ...” என்று தொடங்கினார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவருக்கு என்ன விளங்கியதோ, அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டார். துண்டை எடுத்து, சுத்தமாகவே இருந்த மேசையைத் துடைத்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். உயரமாக இல்லை, காது அளவுக்கு.

“கிரா” என்றார்.

ஹக்கீம் வந்தான். பாயைப் பார்த்தான், பாய் அவனைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தான், கிளாஸைப் பார்த்தான். “மூணு வெள்ளி எம்பது காசுண்ணே” என்றான். அவர் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று ஒரு வெள்ளி. ஒரு ஐம்பது காசு. ஒரு இருபது. நடுங்கும் விரல்களால் ஒரு பத்தைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பைக்குள் இன்னும் காசு இருப்பது எனக்குத் தெரியும், காலையில் நான்தான் போட்டேன். பழைய பாக்கிக்கென்று கை மறுபடி பைக்குள் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

ஹக்கீம் காசை வழித்து எடுத்துக்கொண்டு, மற்றொரு கையால் பாதி ரொட்டி கிடந்த தட்டைத் தூக்கப் போனான். அவர் ஒரு விரலைத் தட்டின் விளிம்பில் வைத்தார்.

“இருக்கட்டும்” என்றார்.

ஹக்கீம் தட்டை விட்டுவிட்டான். விரல் மட்டும் அங்கேயே இருந்தது, நடுங்கிக்கொண்டு, தகரத் தட்டில் மெல்லிய சத்தம் எழுப்பிக்கொண்டு.